ஆணி பொறுக்கிய முதலாளி

டி.வி.எஸ். என்றால் ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்களான நமக்கு மொபெட்டும் பைக்கும்தான் ஞாபகம் வரும். அந்த எழுத்துகளுக்குச் சொந்தக்காரர், 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, பாங்க் வேலை எல்லாம் பார்த்துவிட்டு, 1912-ல் மதுரையில் பஸ் விட்டார்.

அந்தக் காலத்து ரோட்டில் மாட்டு வண்டிதான் அதிகம். கழன்று விழுந்த லாட ஆணி டயரில் ஏறினால் வழியிலேயே பஞ்சர். டயரைத் திட்டி என்ன பிரயோஜனம்? காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார். லாரி டிரைவர் மகனான எனக்கு அவரை இதற்காகவே பிடிக்கும். ராத்திரியில் நடுரோட்டில் ஜாக்கி வைத்து வீல் கழற்றுவது எவ்வளவு ஆபத்துன்னு எங்க வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு. உடனே டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் தயாரானது. கரியைக் குறைந்த காற்றில் எரித்து, வருகிற வாயுவை வடிகட்டி என்ஜினுக்கு அனுப்ப வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் இப்படி வருகிற வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. குழாயில் லீக் இருந்தால் டிரைவருக்குத் தலை சுற்றும், உயிரே போகும். பில்டரில் சாம்பல் அடைத்தால் வண்டி மேடு ஏறாது. அடிக்கடி சுத்தம் செய்தே ஆகணும். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் அவர் தொடங்கியதுதான்.

1955-ல் கொடைக்கானலில் அவர் காலமானபோது, சதர்ன் ரோட்வேஸ் பஸ்களும் லாரிகளும் ஓடிக்கொண்டிருந்தன.