10 பவுண்டு கோட்டும் ஒரு கணக்கு நோட்டும்

காந்தின்னதும் நமக்கு ஞாபகம் வர்றது அந்த அரை வேட்டிதான். 1921-ல் மதுரையில் அவர் அந்த உடைக்கு மாறின கதை தெரியாதவங்க குறைவு. அதுக்கு 33 வருஷம் முன்னாடி, அண்ணன் அனுப்பின காசை டிரஸ்ஸுக்கே கரைச்ச ஸ்டூடன்ட் காந்தியைத் தெரியுமா?

1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனப்போ அவருக்கு 18 வயசு. ஒரு பெரிய ரெஸ்டாரன்ட்டில், சூப் சைவமான்னு சர்வர்கிட்ட கேட்கப்போய், கூட்டிட்டுப் போன நண்பர் கடுப்பாகிட்டார். சாப்பாட்டுல விட்ட மானத்தை ஸ்டைல்ல பிடிச்சிடலாம்னு முடிவு பண்ணினார் காந்தி. நாமளும் பண்றதுதானே!

மும்பையில் தைச்ச துணிகள் ஓரம் போச்சு. தொப்பி மட்டும் 19 ஷில்லிங், அதாவது கிட்டத்தட்ட ஒரு பவுண்டு. பணக்காரங்க துணி எடுக்கிற பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டுக்கு ஒரு ஈவ்னிங் சூட். அண்ணன்கிட்ட கேட்டு வாங்கின தங்கச் சங்கிலி வாட்ச்சுக்கு. டை கட்டவும் தலை வாரவும் கண்ணாடி முன்னாடி தினமும் 10 நிமிஷம். டான்ஸ், வயலின் கிளாஸ் செலவு தனி.

இந்த மோகம் சுமார் மூணு மாசம். ஊர்ல கஷ்டப்படுற குடும்பமும், கேட்கும்போதெல்லாம் பணம் அனுப்புற அண்ணனும் மனசை உறுத்த, செலவைச் சுருக்கினார். பஸ் காசு, தபால் தலைன்னு ஒவ்வொரு பைசாவையும் எழுதி, ராத்திரி கணக்கு சரிபார்த்துட்டுத்தான் தூக்கம். ஒரே ரூமுக்கு மாறி, பஸ்ஸை விட்டு நடந்து, ஒருநாள் சாப்பாட்டை 1 ஷில்லிங் 3 பென்ஸில் முடிச்சார். கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்க: அந்த ஒரு சூட்டோட விலையில் 160 நாள் சாப்பாடு!

அதுக்காக டிரஸ்ல அலட்சியம் வந்துடலை. நேர்த்தியா உடுத்துற பழக்கம் ரொம்ப வருஷம் தொடர்ந்துச்சு. வக்கீலா தென்னாப்பிரிக்காவில் இருந்தப்போ, சட்டைக் காலரைத் தினமும் மாத்தணும். சலவைக் கூலியோ காலர் விலையை நெருங்கும். புத்தகம் வாங்கிப் படிச்சு, தானே துவைச்சார். முதல் காலரில் கஞ்சி ஓவர். இஸ்திரிப் பெட்டியிலும் சூடு பத்தலை. அதையே மாட்டிக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா கஞ்சி உதிருது, மத்த வக்கீல்கள் சிரிக்கிறாங்க. அவர் கண்டுக்கலை.

கை பழகிடுச்சு. 1912-ல் கோகலே ஜோகன்னஸ்பர்க் வந்தப்போ, விருந்துக்குப் போட வேண்டிய அவரோட அங்கவஸ்திரம் கசங்கிக் கிடந்துச்சு. ரானடே பரிசா கொடுத்த, அவர் உயிரா வெச்சிருந்த துணி. வெளியே கொடுக்க நேரமில்லை. காந்தி கேட்க, கோகலே தயங்கித்தான் கொடுத்தார். கச்சிதமா தேய்ச்சுக் கொடுத்தார் காந்தி.