கூண்டுக்குள் போய் உட்கார்ந்த ஃபாரடே

ஈ.எம்.சி. டெஸ்ட்டுக்குக் கருவி கொண்டுபோன நம்ம ஆட்களுக்கு அந்த இரும்பறை தெரியும். கதவைச் சாத்தினால் வெளியே ஒலிபரப்பாகும் ரேடியோகூட உள்ளே எட்டிப் பார்க்காது. அதற்கு மூதாதை மைக்கேல் ஃபாரடே.

1791-ல் லண்டன் அருகே கொல்லர் வீட்டில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு பேருக்குத்தான். 14 வயசில் புத்தகம் பைண்டு பண்ணும் கடையில் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்ததையெல்லாம் படித்தார். 1812-ல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்புகளைத் தானே பைண்டு செய்து அவருக்கே அனுப்பினார். மறு வருஷம் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேலை! (நம்ம பயோடேட்டா எந்த மூலைக்கு?)

1831-ல் மின்தூண்டல் கண்ட கதை பாடத்திலேயே இருக்கு. நான் சொல்ல வந்தது 1836. நீளம், அகலம், உயரம் எல்லாம் 12 அடியாக ஒரு மரச்சட்டம். அதன்மேல் செம்புக் கம்பியும் வெள்ளீயத் தாளும். தரையோடு மின்தொடர்பில்லாமல் நிறுத்தி மின்னேற்ற, வெளியே பொறி பறந்தது. ஃபாரடே தாமே உள்ளே போய் உட்கார்ந்தார். எரியும் மெழுகுவத்தி, எலெக்ட்ரோமீட்டர் எல்லாம் வைத்துப் பார்த்தார். ஒரு அசைவும் இல்லை. மின்னூட்டம் வெளிப்பரப்பிலேயே தங்கிவிட்டது.

ரேடியோ இரைச்சலுக்கு வரம்பு வகுக்க சிஸ்பர் குழு பிறந்தது 1934-ல். ஐரோப்பாவில் ஈ.எம்.சி. விதி முழுக்கக் கட்டாயமானது 1996-ல். கருவியின் இரைச்சலை அளக்கணும்னா வெளி இரைச்சல் நுழையாத இடம் வேண்டுமே! ஆனா ஒண்ணு, உயர் அதிர்வெண்ணில் கதவிடுக்கில் சின்னச் சந்து இருந்தாலும் கசிந்துவிடும்.

சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் வேண்டாமென்றவர், 1867-ல் ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலமானார்.