புத்தர் பெருமானும் ஆன்ம விசாரமும்

உடம்பு அழிவது கண்கூடு. அஃது அழிந்த பின்னரும் அழியாது நிற்பதொன்று உண்டோ என்பது நம் நாட்டுச் சான்றோர் உள்ளத்தைப் பண்டுதொட்டே வருத்தி வந்த வினாவாகும். உபநிடத முனிவர் உண்டெனக் கண்டு, அதனை அறிதலே வீட்டிற்கு வழியென்று துணிந்தனர். சாக்கிய குலத்துதித்த கௌதமரோ, அத்தகைய ஒன்றைப் பற்றி நிற்குங்காறும் பிறவி நீங்காதென்று கண்டனர். இவ்வேறுபாடு ஏட்டளவில் எழுந்த வாதமன்று. ஒரு பெரியாரின் வாழ்க்கையினூடே முளைத்துக் கிளைத்தது. ஆதலின், அவர்தம் சரிதத்தோடு சார்த்தியே அதனை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பாம்.

கௌதமர் இமயத்தின் அடிவாரத்தே, இப்பொழுது நேபாள நாட்டைச் சார்ந்துள்ள லும்பினி என்னும் சோலையிற் பிறந்தார். அசோக மன்னர் தம் ஆட்சியின் 20-ஆம் ஆண்டில் அவ்விடஞ் சென்று வழிபட்டு நாட்டிய கற்றூண் 1896-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. தந்தையார் சுத்தோதனர். தாயார் மாயாதேவி, மகவு பிறந்த ஏழாம் நாள் உயிர் நீத்தனர் என்பது மரபு. சிற்றன்னையின் கையில் வளர்ந்த கௌதமர் யசோதரையை மணந்து இராகுலன் என்னும் மைந்தனைப் பெற்றார். மூப்பும் பிணியும் சாக்காடும் தமக்கும் தம்மவர்க்கும் தப்பா என்னும் எண்ணம் உள்ளத்தை உறுத்த, 29-ஆம் வயதில் மனைதுறந்து வெளியேறினார்.

அக்காலத்து ஆன்ம விசாரம் கற்றோரிடையே பெருகியிருந்தது. விதேக நாட்டு மன்னராகிய சனகரது அவைக்களத்தில் யாக்ஞவல்கியர் நிகழ்த்திய வாதங்களைப் பிரகதாரணியகம் கூறும். காண்பானாகிய ஆன்மா காணப்படும் பொருளாகாது. இஃதன்று, இஃதன்று என விலக்கிச் சென்றே அதனை உணர்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. உத்தாலகர் தம் மைந்தர் சுவேதகேதுவுக்கு, நீரிற் கரைந்த உப்புக் கண்ணுக்குப் புலனாகாவிடினும் எங்கும் நிறைந்திருத்தலைக் காட்டி, உலகெங்கும் ஊடுருவி நிற்கும் உண்மைப் பொருளை உணர்த்தினார் என்று சாந்தோக்கியம் கூறும்.

துறவு பூண்ட கௌதமர் முதலில் அடுத்தது ஆளார காலாமர் என்னும் ஆசிரியரை. அவர் கற்பித்த தியானத்தை விரைவிற் கைவரப் பெற்ற மாணவரின் ஆற்றலைக் கண்ட ஆசிரியர், தம் கூட்டத்தைத் தம்மோடு உடனிருந்து நடத்துமாறு அழைத்தார். பின்னர் உத்தக இராமபுத்திரரிடத்தும் தலைமை வாய்த்தது. கௌதமர் இரண்டனையும் வேண்டாது அகன்றார். அத்தியானங்கள் மனத்தை உயர்ந்த நிலைக்கு ஏற்றினும் துன்பத்தை வேரோடு களைந்தில என்பதே அவர் கண்ட குறை.

வடமொழிக் கவிஞராகிய அசுவகோஷர் தமது புத்த சரிதத்தின் 12-ஆம் சருக்கத்தில் ஆளாரரோடு நிகழ்ந்த இச்சந்திப்பை ஒரு தத்துவ வாதமாகவே அமைத்துள்ளார். உடம்பாகிய நிலத்தை அறிவோனாகிய ஆன்மா, அவ்வுடம்பினின்றும் பிரிந்து தன்னை உணருங்கால் வீடெய்தும் என்பது ஆளாரர் கூற்று. ஆன்மா என்பதொன்று எஞ்சி நிற்குமாயின், அது விதையை ஒக்கும். நிலமும் நீரும் பருவமும் வாய்த்த அளவில் விதை மீண்டும் முளைத்தல் போல, அதுவும் மீண்டும் கட்டுண்ணும் என்பது கௌதமரின் மறுப்பு. இவ்வாதம் பழைய பாலி நூல்களிற் காணப்படாத கவியின் படைப்பேயாயினும், இரு நெறியும் பிரியும் இடத்தை இனிது விளக்குகின்றது.

நிற்க. உடலை வாட்டிய கடுந்தவமும் பயன்படாமை கண்டு அதனைக் கைவிட்ட கௌதமர், கயைக்கருகே அரசமரத்தின் நிழலில் அமர்ந்து 35-ஆம் வயதில் மெய்யறிவு பெற்றார். எப்பொருளும் சார்புகளால் தோன்றிச் சார்புகள் நீங்க நீங்கும் என்பதே அவர் கண்ட உண்மை. பின்னர்க் காசியை அடுத்த சாரநாதத்தில், முன்பு தம்மோடு தவமிருந்த துறவியர் ஐவர்க்கு அறமுரைத்தார். அங்கே அவர் நிகழ்த்திய இரண்டாம் பேருரையே அனான்மக் கொள்கையின் ஊற்றாகும்.

மக்களென நாம் வழங்குவதை உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்களாக அவர் பகுத்தார். இப்பெயர்கள் நம் மணிமேகலையிலும் பயில்வன. இவற்றுள் யாதானும் ஒன்று ஆன்மாவாயின், அது நம் விருப்பின்வழி நிற்றல் வேண்டும். நோயுறாதே என்றால் உறாதொழிதல் வேண்டும். அங்ஙனம் நிற்பது ஒன்றுமில்லை. ஐந்தும் மாறுவன, மாறுவன துன்பந் தருவன, ஆகவே, அவற்றை யான் என்றோ எனது என்றோ கொள்ளுதல் தகாது என அவர் நிறுவினார்.

இதுகாறும் உபநிடத நெறியினரும் உடன்படுவர். உடலும் மனமும் ஆன்மாவல்ல என்பது அவர்க்கும் ஒப்ப முடிந்ததே. அனைத்தையும் விலக்கியபின் விலக்கியவன் எஞ்சுவன். அவனே அழிவிலாச் சாட்சி என்பர் அவர். விலக்கியபின் எஞ்சுவதொன்றைத் தேடுதலும் பற்றேயாம் என்பர் பௌத்தர். ஒரே சாலையில் நெடுந்தொலை உடன்நடந்த இருவர், அதன் முடிவிலே பிரிதலை ஈண்டுக் காண்கின்றோம்.

அங்ஙனமாயின் பெருமான் வெறும் நாத்திகரோ எனின், அன்று. வச்சகோத்தர் என்னும் துறவி அவரை அணுகி, ஆன்மா உண்டோ என வினவினார்; பெருமான் வாய் திறந்திலர். இல்லையோ என மீண்டும் வினவியபோதும் மௌனமே விடையாயிற்று. அவர் அகன்றபின் ஆனந்தர் காரணம் கேட்க, உண்டென்றால் நித்தியவாதியர் பக்கஞ் சேர்ந்ததாகும், இல்லையென்றால் சாவோடு எல்லாம் முடியும் என்பார் பக்கஞ் சேர்ந்ததாகும், முன்பே மயங்கிய அத்துறவி பின்னும் மயங்குவர் என்று விளக்கினார். மற்றொருகால், பிறவிதோறும் மாறாது செல்வது அறிவே எனக் கொண்ட செம்படவர் குடிப்பிறந்த துறவி ஒருவரைக் கடிந்து, அறிவும் விறகைச் சார்ந்தெரியும் தீயைப் போலச் சார்பினால் தோன்றுவதே என்று தெளிவித்தார்.

இவ்வாறு 45 ஆண்டு ஊர்தோறும் நடந்து அறமுரைத்த பெருமான், தம் 80-ஆம் வயதில் குசிநகரத்தில் சாலமரங்களினிடையே பரிநிருவாணம் எய்தினார். இலங்கை மரபு அவ்வாண்டைக் கி. மு. 544 எனக் கொள்ளும். ஆராய்ச்சியாளர் பலர் அதனினும் பிற்பட்டதென்பர். நோயுற்றிருந்த அவ்விறுதிக் காலத்தே, தம்மைத் தாமே புகலாகக் கொண்டு அறத்தைச் சார்ந்து ஒழுகுமாறு அவர் மாணாக்கரைப் பணித்தமை கருதத்தக்கது. நிலைபேறுடைய ஆன்மாவைக் கொள்ளாதவர், முயற்சியுடைய மனிதனை ஒருபோதும் மறுத்திலர்.

ஆன்மா இன்றேல் வினைப்பயனை நுகர்வார் யார் என்னும் வினா அவருக்குப்பின் ஓங்கி எழுந்தது. கி. மு. இரண்டாம் நூற்றாண்டின் யவன மன்னன் மிலிந்தன் இதனை வினவ, நாகசேனர் இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டினார் என்று மிலிந்த பஞ்ஞா கூறும். முற்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறும் அல்ல, வினையின் தொடர்ச்சியும் அத்தகையதே என்பது கருத்து. நேற்றுக் கண்டவனே இன்று நினைவுகூர்தலின், இடையறாத ஒருவன் இருத்தல் வேண்டும் எனச் சங்கரர் மறுத்தார். தமிழகத்திலும் 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பௌத்தர் கொள்கைகளை எடுத்து மறுத்துள்ளார். ஆன்மா ஒன்றென்னும் அத்துவைதியும் பலவென்னும் சைவ சித்தாந்தியும் தம்முள் வேறுபடினும், அது நித்தியம் என்பதில் ஒருமித்தே நின்றனர்.

ஒரு சாரார் காக்க முயன்றது, செய்த நல்வினை செய்தவனை விட்டகலாதென்னும் உறுதியை. மற்றொரு சாரார் காக்க முயன்றது, நுண்ணிய பற்றும் எஞ்சாத விடுதலையை. இரண்டும் ஒன்றே எனச் சமனாக்கி விடுதல் இருவர்க்கும் இழைக்கும் பிழையாகும். எனினும், தலைமைகளைத் துறந்தும், பயன்படாத விடையைக் கூறாது மௌனங் காத்தும், தாம் மெய்யெனக் கண்டதன்வழி இறுதிவரை நின்றொழுகிய அப்பெரியாரின் நேர்மை, எக்கொள்கையினரும் போற்றிக் கைக்கொள்ளத் தக்கதாம். உண்மையை நாடிக் கற்கும் மாணவர்க்கு அதனினும் சிறந்ததோர் அணிகலன் வேறில்லை.