கீழ்ப்படிதலை ஆராய்ந்த அறிஞர் மில்கிராம்

நாம் பள்ளியில் அடியெடுத்து வைத்த நாள் முதல் கேட்டுவரும் சொல் கீழ்ப்படிதல் என்பதாகும். மணி அடித்தால் வரிசையில் நிற்கிறோம். ஆசிரியை கையை உயர்த்தினால் அமைதியாகிறோம். பெற்றோரும் அருட்சகோதரிகளும் நம் நன்மைக்காகவே சொல்கின்றனர் என்பதை அறிந்து அவர்கள் சொற்படி நடக்கிறோம். ஆனால், நமக்கு மேலுள்ள ஒருவர் தீய செயலொன்றைச் செய்யச் சொன்னால் என்ன செய்வோம்? மறுத்து விடுவோம் என்றே நாம் ஒவ்வொருவரும் எண்ணுகிறோம். அந்த எண்ணம் சரிதானா என்று சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்டான்லி மில்கிராம் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

மில்கிராம் 1933ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை ரொட்டி சுடும் தொழில் செய்தவர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் ஏறக்குறைய அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றனர். வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பிய உறவினர் சிலர், போருக்குப் பின் மில்கிராமின் வீட்டில் சில காலம் தங்கினர். அவர்கள் கையில் முகாமின் எண் பச்சை குத்தப்பட்டிருந்தது. 1946இல், தம் 13ஆம் வயதில், யூத சமயச் சடங்கில் பேசிய மில்கிராம் தம் மக்கள் பட்ட துன்பத்தைப் பற்றியே பேசினார். இத்தனை பேரைக் கொல்ல இத்தனை சாதாரண மனிதர்கள் எப்படி உடன்பட்டனர் என்னும் கேள்வி அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1954இல் குவீன்ஸ் கல்லூரியில் அரசியல் பாடத்தில் பட்டம் பெற்றார். பின்னர் உளவியல் பயில விரும்பி ஹார்வார்டு பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தார். அவர் உளவியலை ஒரு பாடமாகக் கூடப் படித்ததில்லை என்பதால் முதலில் இடம் மறுக்கப்பட்டது. அவர் மனந்தளரவில்லை. அவ்வாண்டுக் கோடை விடுமுறையிலேயே நியூயார்க்கில் ஆறு பாடங்களைப் படித்துத் தேறி, ஹார்வார்டில் இடம் பெற்றார்.

அங்கே சாலமன் ஆஷ் என்னும் பேராசிரியருக்கு உதவியாளராக இருந்தார். ஆஷ் ஓர் எளிய சோதனை செய்து புகழ் பெற்றவர். சில கோடுகளைக் காட்டி, எவை இரண்டும் ஒரே நீளம் என்று கேட்பார். முன்னரே சொல்லி வைக்கப்பட்ட பலர் வேண்டுமென்றே தவறான விடை கூறுவர். அதைக் கேட்டதும், தன் கண்ணால் உண்மையைக் கண்டவரும் பல வேளைகளில் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே கூறிவிடுவார். உண்மை சொல்லும் துணைவர் ஒருவர் அக்கூட்டத்தில் இருந்துவிட்டாலோ, அவருக்குத் துணிவு வந்துவிடும். இந்தச் சோதனையே மில்கிராமின் ஆராய்ச்சிக்கு வித்திட்டது.

புகழ்பெற்ற சோதனை

1960இல் டாக்டர் பட்டம் பெற்ற மில்கிராம், யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். யூதரை முகாம்களுக்கு அனுப்பும் பணியை நடத்திய ஐக்மன் என்பவன் 1961இல் எருசலேம் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டான். மேலிடத்துக் கட்டளையைத்தான் நிறைவேற்றினேன் என்பது அவன் வாதம். அதே ஆண்டு ஆகஸ்டில் மில்கிராம் தம் சோதனையைத் தொடங்கினார்.

நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். அஞ்சலக எழுத்தர், ஆசிரியர், பொறியாளர், கூலித் தொழிலாளி எனப் பலரும் வந்தனர். வந்தவரின் வேலை ஆசிரியராக இருப்பது. அடுத்த அறையில் நாற்காலியோடு கட்டப்பட்டிருக்கும் மாணவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம், முன்னுள்ள பெட்டியில் ஒரு விசையை அழுத்தி மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டிலிருந்து 450 வோல்ட் வரை 30 விசைகள் இருந்தன. ஒவ்வொரு தவறுக்கும் அடுத்த விசை. 300 வோல்ட்டில் அந்த மாணவர் சுவரை உதைப்பார். அதன் பின் சற்று நேரத்தில் அவரிடமிருந்து விடையே வராது. ஆசிரியர் தயங்கினால், அருகிலிருக்கும் ஆய்வாளர் நிறுத்தாமல் தொடருமாறு சொல்வார்.

உண்மையில் மின்னதிர்ச்சி எதுவும் இல்லை. மாணவராக இருந்தவர் நடித்தவரே. ஆனால் விசையை அழுத்தியவருக்கு இது தெரியாது.

ஆயிரத்தில் ஒருவரே கடைசி விசை வரை செல்வார் என்று மனநல மருத்துவர்கள் முன்னதாகக் கணித்திருந்தனர். நடந்ததோ வேறு. முதல் சோதனையில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை சென்றனர்! அவர்கள் கல் நெஞ்சர்கள் அல்லர். வியர்த்தனர், நடுங்கினர், வேண்டாம் என்று வாதாடினர். ஆயினும் கை விசையை அழுத்தியது. பெண்கள் 40 பேரை வைத்துச் சோதித்தபோதும் அதே 26 பேர். நாம் பெண்கள், இளகிய மனத்தினர் என்று பெருமை கொள்ள இதில் இடமில்லை.

மறுப்பதன் வலிமை

இத்துடன் நின்றிருந்தால் நாம் வருந்த மட்டுமே வேண்டியிருக்கும். மில்கிராம் சோதனையைப் பலவாறு மாற்றிப் பார்த்தார். மாணவரின் கையைத் தாமே பிடித்து வைக்க வேண்டிய நிலையில் 12 பேரே இறுதி வரை சென்றனர். ஆய்வாளர் வெளியே சென்று தொலைபேசியில் கட்டளையிட்டபோது 9 பேரே சென்றனர். விசையை வேறொருவர் அழுத்த, தாம் சிறு வேலை மட்டும் செய்தால் போதும் என்றபோதோ 40 பேரில் 37 பேர் இறுதி வரை உடனிருந்தனர். நான் அழுத்தவில்லையே என்னும் சமாதானம் எவ்வளவு கொடியது!

எல்லாவற்றிலும் சிறந்தது மற்றொன்று. உடன் அமர்ந்த இருவர் நடுவிலேயே மறுத்து எழுந்துவிட்டபோது, இறுதி வரை சென்றவர்கள் 40 பேரில் நால்வர் மட்டுமே. மேலதிகாரியும் அதே அதிகாரி. பெட்டியும் அதே பெட்டி. மறுக்க முடியும் என்று ஒருவர் காட்டியதும், மற்றவருக்கும் தம் கை தம் வசமே உள்ளது என்பது விளங்கிவிட்டது.

பாராட்டும் கண்டனமும்

1963இல் இந்த ஆய்வு வெளியானதும் உலகமே வியந்தது. கூடவே கண்டனமும் எழுந்தது. அறியாதவரை ஏமாற்றி இவ்வளவு மன வேதனைக்கு உள்ளாக்கலாமா என்று 1964இல் டயானா பாம்ரிண்ட் என்னும் உளவியல் பெண் அறிஞர் கேட்டார். அது நியாயமான கேள்வியே. கலந்துகொண்டவர்களில் 84 விழுக்காட்டினர் தமக்கு மகிழ்ச்சியே என்று பின்னர் எழுதியதாக மில்கிராம் விடையளித்தார். பிற்காலத்தில் யேலில் உள்ள பதிவுகளைக் கேட்டவர்கள், ஆய்வாளர் சில வேளை அளவுக்கு மீறி வற்புறுத்தியதையும், மின்னதிர்ச்சி உண்மைதானா என்று சிலர் ஐயுற்றதையும் சுட்டிக் காட்டினர். ஆயினும் 2009இல், 150 வோல்ட்டோடு நிறுத்தி நடத்தப்பட்ட சோதனை ஏறக்குறைய ஒத்த முடிவையே தந்தது.

1967 முதல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மில்கிராம், ஒருமுறை தம் மாணவரை அனுப்பிச் சுரங்க ரயிலில் அமர்ந்திருப்பவரிடம் காரணம் சொல்லாமல் இடம் கேட்கச் செய்தார். கேட்கப்பட்டவரில் மூவரில் இருவர் இடம் தந்தனர். தாமும் கேட்கச் சென்றபோது அவருக்கு நாவே எழவில்லை. வழக்கத்திற்கு மாறாக ஒரு சொல் சொல்வது எத்துணைக் கடினம் என்பதைத் தாமே உணர்ந்தார். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், தம் 51ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார்.

நாம் கற்கும் பாடம்

அப்படியானால் கீழ்ப்படிதல் தீதா? இல்லை. நம் அருட்சகோதரிகள் கீழ்ப்படிதலை வார்த்தைப்பாடாகவே இறைவனுக்கு அளிக்கின்றனர். அது மனமறிந்து, சுதந்திரமாகத் தருவது. மனச்சான்றை வெளியே விட்டுவிட்டுக் கையை மட்டும் கொடுப்பதுதான் தீது. புனித தாமஸ் மூர் தம் மன்னனுக்கு உண்மையாகப் பணி புரிந்தவர். அம்மன்னன் மனச்சான்றுக்கு மாறானதைக் கேட்டபோது மறுத்து, 1535இல் தலை கொடுத்தார்.

நாம் விசை எதையும் அழுத்தியதில்லை. எனினும், புதிதாய்ச் சேர்ந்த தோழி ஒருத்தியின் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தபோது நாமும் சிரித்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம் என்று மனம் சொன்னது, வாய் கேட்கவில்லை. அன்று ஒருத்தி சிரிக்காமல் இருந்திருந்தால் அவளைப் பார்த்து இன்னும் பலர் நிறுத்தியிருப்போம். அந்த ஒருத்தியாக நாமே இருந்திருக்கலாம்.

தோழியரே! நல்லவற்றுக்கு மகிழ்ந்து கீழ்ப்படிவோம். தீயவற்றுக்கு முதல் ஆளாக மறுப்போம். அடுத்தவளுக்கு அதுவே துணிவாகும்.