ஆடு மேய்த்த சிறுவன் தந்த 30 எழுத்துகள்

ஓநாய் என்று யாராவது பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? செர்பியா நாட்டில் ஓர் ஏழைக் குடும்பம் அப்படித்தான் வைத்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து, ஒரு நாடே எழுதப் படிக்க வழி செய்தது. அவர்தான் வூக் கராஜிச்.

தென்கிழக்கு ஐரோப்பாவில் உள்ள நாடு செர்பியா. அங்கே திர்ஷிச் என்பது ஒரு சிறு கிராமம். 1787-ம் ஆண்டு வூக் அங்கே பிறந்தார். அப்போது அந்த நாடு துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது.

அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் இறந்துவிட்டன. சூனியக்காரிகள் பச்சைக் குழந்தைகளைத் தின்றுவிடுவதாக அந்த ஊரார் நம்பினார்கள். ஓநாயை மட்டும் அவர்கள் நெருங்க மாட்டார்களாம்! அதனால் பெற்றோர் பிள்ளைக்கு வூக் என்று பெயர் இட்டார்கள். செர்பிய மொழியில் வூக் என்றால் ஓநாய். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

வெடிமருந்தே மை

அந்த வட்டாரத்தில் எழுத்து தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யெவ்தா என்ற உறவினர் சிறுவனுக்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார். எழுதிப் பழகக் காகிதம் இல்லை. மையும் இல்லை. சிறுவன் சும்மா இருக்கவில்லை. துப்பாக்கித் தோட்டா சுற்றும் காகிதத்தை எடுத்தான். வெடிமருந்தைத் தண்ணீரில் கரைத்தான். அதில் நாணல் குச்சியைத் தோய்த்து எழுதினான்.

படிக்கட்டும் என்று தந்தை அவனைத் துரோநோஷா மடத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்கள் பாடம் சொல்லவில்லை. ஆடு மேய்க்க விட்டார்கள். தந்தை மகனை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். ஆடு மேய்ப்பதானால் சொந்த ஆட்டை மேய்க்கலாமே!

1804-ம் ஆண்டு செர்பியர் துருக்கியரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தனர். எழுதத் தெரிந்த வூக், கிளர்ச்சித் தலைவர்களிடம் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு மேல் படிப்புக்கு முயன்றார். வயது அதிகம் என்று பள்ளியில் சேர்க்கவில்லை. நோயினால் ஒரு கால் முடங்கிப் போயிற்று. கட்டைக்கால்தான் துணை ஆயிற்று. ஆயுதம் எடுக்க முடியாத அவருக்குப் பேனாவே ஆயுதம் ஆனது.

1813-ம் ஆண்டு கிளர்ச்சி தோற்றது. வூக் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குத் தப்பிச் சென்றார்.

ஒரு தாய் மக்கள்

வூக் செய்த வேலையைப் புரிந்துகொள்ள, ஸ்லாவ் மொழிகளைப் பற்றிச் சிறிது தெரிய வேண்டும். ருஷ்ய மொழி, போலந்து மொழி, செக் மொழி, பல்கேரிய மொழி, செர்பிய மொழி ஆகியவை எல்லாம் ஒரு தாய் மக்கள். முகச் சாயல் ஒன்றே. குரல்தான் வேறு.

ஓநாயையே பாருங்கள். செர்பியர் வூக் என்பார்கள். ருஷ்யர் வோல்க் என்பார்கள். போலந்துக்காரர் வில்க் என்பார்கள். செக் மக்கள் நடுவில் உயிரெழுத்தே இல்லாமல் வ்ல்க் என்பார்கள்!

தண்ணீரைப் பாருங்கள். செர்பியருக்கு அது வோதா. போலந்திலும் வோதா. ருஷ்யரும் வோதா என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் வாயால் சொல்லும்போது வதா என்கிறார்கள். பல்கேரியர் ஒரு குறிப்பிட்ட தண்ணீரைச் சொல்லும்போது, பின்னால் ஓர் ஒட்டுச் சேர்த்து வோதாத்தா என்பார்கள்.

இப்படிச் சாயல் இருந்ததே செர்பியருக்கு இடைஞ்சல் ஆயிற்று. 18-ம் நூற்றாண்டில் அவர்களுக்கு ருஷ்யாவிலிருந்து ஆசிரியர்களும் புத்தகங்களும் வந்தன. படித்தவர்கள் ருஷ்யச் சொல்லையும், கோவில் மொழியையும், செர்பியப் பேச்சையும் கலந்து எழுதினார்கள். எல்லாம் உறவு மொழிதானே என்று எண்ணினார்கள். ஆனால் அந்தக் கலப்பு மொழி எந்தத் தாயும் பிள்ளையிடம் பேசாத மொழி. உழவனுக்கு அது விளங்கவில்லை.

வாய் சொல்வதே எழுத்து

வியன்னாவில் கொப்பிட்டார் என்ற அறிஞர் இருந்தார். அவர் ஸ்லொவேனியர். அரசாங்கத் தணிக்கை அதிகாரி. வூக்கின் எழுத்தைப் படித்து வியந்தார். நாட்டுப் பாடல்களைத் திரட்டும்படியும், இலக்கணமும் அகராதியும் எழுதும்படியும் தூண்டினார்.

1814-ம் ஆண்டு முதல் பாடல் தொகுப்பும் சிறிய இலக்கணமும் வெளிவந்தன. 1818-ம் ஆண்டு அகராதி வெளிவந்தது. அதில் 26 ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. எல்லாம் மக்களின் பேச்சுச் சொற்கள். ஜெர்மன் மொழியிலும் லத்தீன் மொழியிலும் பொருள் கூறியிருந்தார்.

அவருடைய விதி எளியது. பேசுவதைப் போலவே எழுத வேண்டும். எழுதியதைப் போலவே படிக்க வேண்டும். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்துத்தான்.

ஒலி இல்லாத எழுத்துகளை அவர் நீக்கினார். சொல்லின் முடிவில் சும்மா நின்ற எழுத்தும் அவற்றில் ஒன்று. எழுத்து இல்லாத ஒலிகளுக்குப் புதிய எழுத்துகள் சேர்த்தார். யகர ஒலிக்கு லத்தீன் எழுத்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.

தாம் பிறந்த ஊரில் ஹகர ஒலியை யாரும் சொல்வதில்லை. அதனால் முதல் அகராதியில் அந்த எழுத்தை விட்டுவிட்டார். பின்னால் தெற்கே கடற்கரைப் பக்கம் பயணம் செய்தபோது மக்கள் அதை உச்சரிப்பதைக் காதால் கேட்டார். உடனே பிடிவாதத்தை விட்டார். 1836-ம் ஆண்டு முதல் அந்த எழுத்தையும் சேர்த்துக்கொண்டார். இப்படித்தான் மொத்தம் 30 எழுத்துகள் ஆயின.

அண்டை மொழியையும் அவர் மறக்கவில்லை. 1822-ம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அதில் 200-க்கு மேற்பட்ட பல்கேரியச் சொற்களைத் தந்து, பல்கேரியம் தனி மொழி என்று எடுத்துக் காட்டினார்.

தடைமேல் தடை

எதிர்ப்புப் புயல் கிளம்பியது. லத்தீன் எழுத்தைப் புகுத்துகிறாரே, மதத்தையே மாற்றப் பார்க்கிறாரோ என்று குருமார்கள் சந்தேகப்பட்டார்கள். இடையர் பேச்சு நூலில் ஏறுவதா என்று படித்தவர்கள் சீறினார்கள். செர்பியாவை ஆண்ட இளவரசர் மிலோஷுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரே 1832-ம் ஆண்டு வூக்கின் எழுத்து முறைக்குத் தடை விதித்தார்!

சொந்த நாடு கதவை மூடியது. வெளிநாடு வரவேற்றது. ஜெர்மன் மகாகவி கதே அவரைச் சந்தித்துப் பேசினார். அறிஞர் யாக்கோப் கிரிம் அவருடைய இலக்கணத்தை 1824-ம் ஆண்டு ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ருஷ்ய அரசாங்கம் உதவிப் பணம் கொடுத்தது.

ஆனாலும் வீட்டில் வறுமை தீரவில்லை. வியன்னாப் பெண்ணான அன்னா அவருடைய மனைவி. குழந்தைகள் பலர் பிறந்தார்கள். தந்தைக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் மகள் மீனாவும் மகன் திமித்ரியேவும் மட்டுமே. பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தபோதும் கட்டைக்காலோடு ஊர் ஊராகப் போய்ப் பாடல்களையும் பழமொழிகளையும் சேகரித்தார்.

1847-ம் ஆண்டு காற்று திசை மாறியது. பைபிளின் புதிய ஏற்பாட்டை மக்கள் மொழியில் வெளியிட்டார். அதே ஆண்டில் பிராங்கோ என்ற இளங்கவிஞரின் பாடல்கள் வூக்கின் மொழியில் வந்தன. அந்த மொழியில் கவிதையும் இனிக்கும் என்று எல்லோரும் கண்டார்கள். 1850-ம் ஆண்டு செர்பிய, குரோஷிய அறிஞர்கள் வியன்னாவில் கூடிப் பொது மொழி பற்றி உடன்பாடு செய்தார்கள். அதில் வூக்கும் கையெழுத்திட்டார்.

இறந்த பின் வெற்றி

1864-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந்தேதி வூக் வியன்னாவில் காலமானார். வயது 76. அவருடைய எழுத்து முறைக்கு இருந்த கடைசித் தடையும் 1868-ம் ஆண்டில்தான் நீங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1897-ம் ஆண்டு அவர் உடலின் எச்சங்களைச் செர்பியத் தலைநகரான பெல்கிரேடுக்குக் கொண்டு வந்து, பெரிய கோவிலின் வாசலில் அடக்கம் செய்தார்கள்.

இன்று செர்பியாவில் ஒரு சிறுவன் 30 எழுத்துகளைக் கற்றால் போதும். எந்தச் சொல்லையும் பிழை இல்லாமல் படித்துவிடலாம். உழவன் மகனும் அமைச்சர் மகனும் ஒரே எழுத்தில், தாய் பேசும் சொல்லைப் படிக்கிறார்கள். ஆடு மேய்க்க விடப்பட்ட ஒரு சிறுவன், தன்னைப் போன்ற பிள்ளைகளுக்குத் தேடி வைத்த சொத்து அது.