ஃபோர்டு இறக்கி வைத்த கியர் பெட்டி

நம்ம ஆட்டோமொபைல் பிரிவில் நாலு பேர் சேர்ந்தால் போதும், பேச்சு கியர் பெட்டியில் போய் நிற்கும். பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று கிடைத்தால் அந்தப் பெட்டியை இறக்கிவிட்டு, கையால் போடும் கியரை ஏற்றிவிடலாமா என்பது ஓயாத வழக்கு. 'செலவு குறையும், வண்டி நம்ம சொல்படி கேட்கும்' என்பது ஒரு கட்சி. 'இருக்கிறதைக் கெடுக்காதே' என்பது எதிர்க்கட்சி. தீர்ப்புச் சொல்ல நான் நாட்டாமை இல்லை. ஆனால் ஏறக்குறைய இதே மாற்றத்தை, ஒன்றரைக் கோடி கார்களைச் செய்து முடித்த பிறகு, வேண்டா வெறுப்பாகச் செய்த ஒரு மனிதரின் கதையைச் சொல்ல ஆசை. அவர்தான் ஹென்றி ஃபோர்டு.

1863 ஜூலை 30ஆம் நாள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பையனுக்கு ஏர் பிடிக்கப் பிடிக்கவில்லை. கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டுவதுதான் பிடித்தது. 1879ல், பதினாறு வயதில், டெட்ராய்ட் நகரத்துக்குப் போய் மெஷின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். நம்மைப் போல டிப்ளமோ கூடக் கிடையாது. லேத்தும் ரம்பமும்தான் பாடப் புத்தகம். 1891ல் எடிசன் மின் கம்பெனியில் வேலை. பகலில் கம்பெனி, இரவில் வீட்டுக் கொட்டகை. 1896 ஜூன் மாதம் நான்கு சைக்கிள் சக்கரம் வைத்த அவருடைய முதல் வண்டி தயார். அது கொட்டகை வாசலைவிட அகலம்! சுவரை இடித்துத்தான் வெளியே எடுத்தார். முன்னால் போக இரண்டு வேகம் உண்டு, ரிவர்ஸ் கிடையாது. தொடங்கிய முதல் கம்பெனி மூழ்கியது. இரண்டாவதிலிருந்து சண்டை போட்டு வெளியேறினார். 1903ல் தொடங்கிய மூன்றாவதுதான் ஃபோர்டு மோட்டார் கம்பெனி.

1908 அக்டோபரில் மாடல் டி கார் வந்தது. நம்ம கதையின் நாயகன் அதன் கியர் பெட்டிதான். நான் கண்ணமங்கலத்துக்காரன். எங்க ஊர்ப் பக்கம் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்பவரைப் பார்த்தவர்களுக்கு மாடல் டி சுலபமாகப் புரியும். தறியில் கால் மிதியை அழுத்தினால் பாவு பிரியும், கை நாடாவை ஓட்டும். மாடல் டியிலும் கியர் வேலை பெரும்பாலும் காலுக்குத்தான். இடது மிதியை முழுக்க அழுத்தினால் மெதுவான கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டால் வேகக் கியர். நடு மிதி ரிவர்ஸ். வலது மிதி பிரேக். ஆக்சிலரேட்டரோ ஸ்டியரிங்குக்குக் கீழே, கையில்!

உள்ளே இருந்தது பிளானட்டரி கியர். சூரியனைச் சுற்றும் கோள்கள் போலச் சிறு பற்சக்கரங்கள் நடுச் சக்கரங்களைச் சுற்றிவரும். பற்கள் எப்போதும் கோத்தபடியே இருப்பதால் கியர் மாற்றும்போது மோதல் இல்லை, 'கர்ர்' சத்தம் இல்லை. மிதியை அழுத்தினால் ஒரு பட்டை டிரம்மை இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் காலத்து மற்ற கார்களில் பற்சக்கரத்தை நகர்த்திக் கோக்க வேண்டும். வேகம் ஒத்துப்போகாவிட்டால் பல் உடையும். அதுவரை குதிரை வண்டி மட்டுமே ஓட்டிய விவசாயிக்கு ஃபோர்டு கொடுத்தது பல் உடையாத பெட்டி.

1913ல் நகரும் அசெம்ப்ளி லைன் வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேஸிஸ் பூட்டும் வேலை, அடுத்த ஆண்டுக்குள் 93 நிமிடமாகச் சுருங்கியது. 1914ல் எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் சம்பளம் என்று அறிவித்தார். 850 டாலர் கார் 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். சாலைகள் நன்றாகிவிட்டன, வண்டிகள் வேகமாகிவிட்டன. இரண்டே கியர் போதவில்லை. மேட்டில் முதல் கியர் திணறும், இரண்டாவது இழுக்காது. பட்டைகள் தேய்ந்துகொண்டே இருக்கும். போட்டிக் கம்பெனியான செவ்ரோலே மூன்று கியரோடு வந்து நின்றது. ஃபோர்டின் ஒரே மகன் எட்சல் 1919 முதல் பெயருக்குத் தலைவர். மாற்ற வேண்டும் என்று தவித்தார். அப்பா அசையவில்லை. 1926ல் கான்ஸ்லர் என்ற அதிகாரி, புது மாடல் வேண்டும் என்று விரிவாக எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் அவருக்கு வேலை போயிற்று. தன் படைப்பைக் குறை சொன்னால் தன்னையே குறை சொன்னதாக ஃபோர்டு எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் விற்பனை விழுந்தது. 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளிவந்ததோடு அந்த வண்டி நிறுத்தப்பட்டது. புது வண்டியின் வரைபடமே முழுதாக முடியவில்லை! பல மாதங்கள் ஆலைகள் முடங்கின. ஆயிரக்கணக்கான மெஷின்களை மாற்ற வேண்டியிருந்தது. பல்லாயிரம் தொழிலாளிகள் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். முதலாளியின் பிடிவாதத்துக்கு வட்டி கட்டியது தொழிலாளி. டிசம்பரில் மாடல் ஏ வந்தது: கிளட்ச், நகரும் பற்சக்கரம், மூன்று கியர், கையில் கியர் கம்பி. கால் மிதிப் பெட்டி போய் கைக் கியர் ஏறிவிட்டது. ஜனங்களும் வாங்கிக் குவித்தார்கள்.

அவருடைய மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1920களில் தன் பத்திரிகையில் யூதர்கள் மீது வெறுப்பை வளர்த்தார். தொழிற்சங்கத்தை அடியாட்களை வைத்து ஒடுக்கினார். 1941ல்தான் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார். எட்சல் 1943ல் அப்பாவுக்கு முன்பே இறந்தார். ஃபோர்டு 1947 ஏப்ரல் 7ஆம் நாள் இறந்தார். வெள்ளத்தால் மின்சாரம் போயிருந்த வீட்டில், விளக்கு வெளிச்சத்தில். எடிசன் கம்பெனியில் தலைமை எஞ்சினியராக இருந்தவருக்கு அப்படி ஒரு கடைசி இரவு.

இதில் வேடிக்கை கேளுங்கள். அவர் இறக்கி வைத்த பிளானட்டரி கியர் சாகவில்லை. 1939ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹைட்ராமேட்டிக் பெட்டிக்குள் அதுதான் இருந்தது. 1951 மாடல் ஃபோர்டு கார்களிலும் ஆட்டோமேட்டிக்காகத் திரும்பி வந்தது. இன்று நாம் ஆட்டோமேட்டிக்கைப் பிரித்தால் பெரும்பாலும் கையில் கிடைப்பது அதே சூரியனும் கோள்களும்தான்.

ஆகவே, பெட்டியை மாற்ற நினைக்கும் தோழர்களே, பெட்டி மட்டும் மாறாது. டார்க் கன்வெர்ட்டர் போய் ஃபிளைவீலும் கிளட்சும் வரும். கூடுதலாக ஒரு மிதி வேண்டும். ஷாஃப்ட் நீளம், தாங்கும் குறுக்குச் சட்டம், ஒயரிங் எல்லாம் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். எந்தப் பெட்டி உசத்தி என்பதல்ல கேள்வி. எந்தச் சாலைக்கு, எந்தக் கைக்கு என்பதுதான்.

ஃபோர்டு மாற்றியது தப்பில்லை. எல்லாம் நின்ற பிறகு மாற்றியதுதான் தப்பு. மறைமலைநகரில் அவர் பெயர் தாங்கிய ஆலை 2022ல் கார் உற்பத்தியை நிறுத்தியபோது, நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் பலர் வேறு வேலை தேட வேண்டி வந்தது. தறியை விட்டு லேத்துக்கு வந்திருக்கும் எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே விளங்கும். கையில் இருக்கும் தொழிலை நேசிப்போம். ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கியரைப் பழகி வைப்போம்!

— இறுதியாண்டு ஆட்டோமொபைல் மாணவன், கண்ணமங்கலம்