முகத்துக்குக் கவசம் தந்த பினாங்குக்காரர்

ஒரு டாக்டரின் கதைக்கு நம் பாலிடெக்னிக் ஆண்டு மலரில் என்ன வேலை என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது நாம் எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தோமே மாஸ்க், அதன் வரலாற்றில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. கையில் கிடைத்த சாமானை வைத்து, யாரும் செய்துகொள்ளக்கூடிய பாதுகாப்புச் சாதனம் ஒன்றை உருவாக்கினார். அது நம்ம சப்ஜெக்ட்தானே!

அவர் பெயர் வூ லியன் டே. 1879-ல் மலாயாவின் பினாங்குத் தீவில், சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். உபகாரச் சம்பளம் கிடைத்து, 1896-ல் கேம்பிரிட்ஜுக்கு மருத்துவம் படிக்கப் போனார். படிப்பும் ஆராய்ச்சியும் முடித்து 1903-ல் ஊர் திரும்பினால், அரசாங்க மருத்துவத்தில் மேல் பதவிகள் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத்தான்! பினாங்கில் சூலியா தெருவில் சொந்தமாக வைத்தியம் பார்த்தார். (சூலியா என்பது அங்கே நம் தமிழ் முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர்.) அபினை எதிர்த்துப் பேசிப் பகையும் சம்பாதித்தார். 1908-ல் சீன அரசு அழைக்கவும், தியான்ஜின் ராணுவ மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டார்.

1910 டிசம்பர். வடக்கே மஞ்சூரியாவில் ஹார்பின் நகரம். உறைய வைக்கும் குளிர். காய்ச்சல், இருமல், சளியில் ரத்தம், ஓரிரு நாளில் சாவு. அங்கே போகச் சொல்லி உத்தரவு வந்தபோது வூவுக்கு 31 வயசு. இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை ரகசியமாக அறுத்துச் சோதித்தார். உடலை அறுப்பதை அன்றைய சீனாவில் யாரும் ஏற்கமாட்டார்கள். பார்த்தால் பிளேக் கிருமி!

பிளேக் என்றால் எலியும் அதன் தெள்ளுப்பூச்சியும் என்றுதான் அன்றைய டாக்டர்கள் நினைத்தார்கள். ஆனால் எலிகளைப் பிடித்து அறுத்துப் பார்த்தும் நோய் அகப்படவில்லை. இது நுரையீரலைத் தாக்கும் பிளேக், இருமும்போது தெறிக்கும் துளிகள் வழியாக ஆளுக்கு ஆள் நேராகத் தொற்றுகிறது என்று வூ சொன்னார். அப்படியானால் தடுக்க வேண்டிய இடம் மூக்கும் வாயும்தான். புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியை மடித்து, நடுவே பஞ்சுப் பட்டை வைத்து, இரு முனைகளையும் கிழித்து நாடாவாக்கித் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடச் சொன்னார். அவ்வளவுதான். விலையோ சில காசு. அதற்கு முன்பும் அறுவை மருத்துவர்கள் முகத்தில் துணி கட்டியதுண்டு. இவருடையது பல அடுக்கு, முகத்தோடு ஒட்டி நிற்கும். டாக்டர், போலீஸ், பிணம் தூக்குகிறவர் எல்லோருக்கும் அதுதான்.

மெனி என்ற பிரெஞ்சு டாக்டர் வந்தார். பிளேக்கில் அனுபவசாலி, வயதில் மூத்தவர். நேற்று வந்த ஒரு சீனப் பையன் எனக்குப் பாடம் சொல்வதா என்று அவருக்குக் கோபம். மாஸ்க் கட்டாமலே நோயாளிகளைச் சோதித்தார். 1911 ஜனவரி 11-ம் தேதி அதே நோயில் இறந்தார். அதற்கப்புறம் ஊரில் மாஸ்க் இல்லாத முகத்தைப் பார்ப்பதே அரிதாயிற்று. சிலர் மட்டும் தாயத்து மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்களாம். 2020-ல் நம்ம பஸ் ஸ்டாண்டிலும் அதைத்தானே பார்த்தோம்!

துணியால் மட்டும் காரியம் முடியவில்லை. ஊரை நான்கு பகுதியாகப் பிரித்து, காவல் போட்டு, நோயாளியோடு பழகியவர்களை ரயில் பெட்டிகளில் தனியே வைத்தார். நிலம் உறைந்து குழி தோண்ட முடியாததால் 2,000-க்கும் மேற்பட்ட பிணங்கள் வெளியே கிடந்தன. அவற்றை எரிக்கப் பேரரசரின் அனுமதி வாங்கினார். முன்னோரைப் புதைத்து வணங்குகிற நாட்டில் அப்படிக் கேட்கவே எவ்வளவு தைரியம் வேண்டும்! என்னைக் கேட்டால் மாஸ்க்கைவிடப் பெரிய துணிச்சல் இதுதான். மார்ச் 1-க்குப் பிறகு ஹார்பினில் புது நோயாளியே இல்லை. அதற்குள் மஞ்சூரியா முழுக்கச் சுமார் 60,000 உயிர்கள் போயிருந்தன.

ஏழே வருஷத்தில், 1918-ல் இன்ஃப்ளூயன்ஸா உலகத்தையே வாரிக்கொண்டு போனபோது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் காஸ் துணி மாஸ்க்கைச் சட்டம் போட்டே கட்ட வைத்தார்கள். 1935-ல் வூவின் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை.

1937-ல் ஜப்பான் சீனாவுக்குள் புகுந்ததும் மலாயாவுக்கே திரும்பி, ஈப்போவில் சாதாரண டாக்டராக வைத்தியம் பார்த்தார். நன்கொடை திரட்டி அந்த ஊருக்கு ஒரு நூலகமும் ஏற்படுத்தினார். தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1959-ல் வெளியிட்டார். மறு வருஷம் ஜனவரியில், பிறந்த பினாங்கிலேயே, 80-வது வயதில் காலமானார்.